எடை கூடினால் வேகம் ஏன் குறைகிறது? தசையின் விசை–வேகக் கணக்கு

ஜிம்முக்குப் போகிற எல்லோரும் பார்த்திருப்பதுதான். பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுகிற பெஞ்ச் பிரஸ்ஸில் வெறும் பாரை, அதாவது எடைத் தட்டு மாட்டாத கம்பியை, மட்டும் தள்ளினால் சட்டென்று மேலே போய்விடும், இரண்டு பக்கமும் பிளேட் ஏற ஏற அது தயங்க ஆரம்பிக்கும், ஒரே ஒரு தடவை மட்டும் தள்ள முடிகிற எடை வரும்போது பார் ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறும். அந்தக் கடைசி எடையில் பார் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள், நொடிக்குச் சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர். பல்லைக் கடித்துக்கொண்டு உயிரைக் கொடுத்துத் தள்ளினாலும் அவ்வளவுதான். எடை அதிகம், அதனால் மெதுவாகப் போகிறது, இதில் விளக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. தசைக்கென்றே ஒரு குணம் உண்டு, அது புரிந்துவிட்டால் மெதுவாகத் தூக்குவதா, வேகமாகத் தூக்குவதா என்று ஜிம்மில் ஓயாமல் நடக்கிற வாக்குவாதத்தில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

விஷயம் இதுதான்: தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ, அந்த அளவுக்கு அதனால் கொடுக்க முடிகிற விசை குறையும். நகராத சுவரைத் தள்ளும்போது தசை ஏறக்குறைய ஒரே நீளத்தில் நின்றபடி இழுக்கிறது, அப்போது அதனால் நிறைய விசை கொடுக்க முடியும். சுமையே இல்லாமல் சுருங்கவிட்டால் தன் உச்ச வேகத்தைத் தொடும், ஆனால் வெளியே கொடுக்கிற விசை பூஜ்ஜியம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்முடைய எல்லா அசைவுகளும் நடக்கின்றன. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான்: இது தசையின் உச்ச வரம்பைப் பற்றிய கணக்கு. முழு பலத்தையும் போட்டால் அந்தந்த வேகத்தில் அதிகபட்சம் எவ்வளவு விசை கிடைக்கும் என்பதை மட்டும்தான் இது சொல்கிறது.

இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டவர் ஏ. வி. ஹில் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். தசையில் வெப்பம் உண்டாவது பற்றிய ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஓட்டோ மேயர்ஹாஃபுடன் பகிர்ந்துகொண்டவர். அவர் 1938-இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். தவளையின் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய நீளமான ஒரு தசையை மின்சாரத்தால் தூண்டி, வெவ்வேறு சுமைகளைக் கொடுத்து, எந்தச் சுமையில் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது, அதில் எவ்வளவு வெப்பம் வெளியாகிறது என்று அளந்தார். கிடைத்த கணக்கு வியக்கவைக்கும் அளவுக்கு எளிமையானது: விசையோடு ஒரு நிலையான எண்ணையும், வேகத்தோடு இன்னொரு நிலையான எண்ணையும் கூட்டி, இரண்டையும் பெருக்கினால் வருகிற விடை எப்போதும் ஒன்றேதான். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும். வரைந்து பார்த்தால் நேர்கோடு வராது, முதலில் மளமளவென்று இறங்கி அப்புறம் தட்டையாக நீளும் ஒரு வளைவு வரும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். ஹில்லின் சமன்பாட்டில் தவளைத் தசைக்குப் பொருந்துகிற மதிப்புகளைப் போட்டு, நகராமல் நின்று கொடுக்கிற உச்ச விசையை 100 என்று வைத்துக்கொள்வோம். உச்ச வேகத்தில் 10% வேகத்தில் சுருங்கினாலே விசை 64-க்கு இறங்கிவிடுகிறது. 20% வேகத்தில் 44, 30% வேகத்தில் 32, பாதி வேகத்தில் வெறும் 17. முதல் சில படிகளிலேயே எவ்வளவு பெரிய சரிவு என்று பாருங்கள். பாதி வேகம் என்றால் பாதி விசையாவது மிஞ்சும் என்று நம் மனம் போடுகிற கணக்கு இங்கே செல்லாது.

தவளைக்கு இருக்கிற குணம் மனிதனுக்கும் உண்டா? உண்டு. 1950-இல் டி. ஆர். வில்கி என்பவர் மனிதர்களின் முழங்கையை மடக்கும் தசைகளை வைத்து அளந்தார். கையின் சொந்த எடையால் வருகிற பாதிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது அதே வடிவ வளைவு வந்தது. ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் மாதிரிப் பல மூட்டுகள் சேர்ந்து அசைகிற பயிற்சிகளில் மட்டும் அந்த வளைவு ஏறக்குறைய நேர்கோடாகவே தெரிகிறது. பல தசைகள், பல எலும்பு நெம்புகோல்கள் எல்லாம் கலந்து வருகிற விளைவு அது. போக்கு என்னவோ அதேதான், வேகம் கூடினால் விசை குறையும்.

சரி, ஏன் இப்படி? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. 1920-களில் ஒரு விளக்கம் இருந்தது, ஹில்லே அப்போது அதை ஏற்றிருந்தார். தூண்டப்பட்ட தசை என்பது இழுத்துவைத்த ஸ்பிரிங், அதற்குள்ளே பிசுபிசுப்பு இருப்பதால் வேகமாகச் சுருங்கும்போது உராய்வில் விசை வீணாகிறது என்பது அந்த விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையானால், சுமை எதுவாக இருந்தாலும் தசை செலவழிக்கிற மொத்த ஆற்றல் மாறக் கூடாது, ஸ்பிரிங்கில் ஏற்கெனவே இருப்பதுதானே வெளியே வரும். ஹில்லின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வாலஸ் ஃபென் என்ற அமெரிக்கர் 1923-இல் அளந்து பார்த்து, அப்படி இல்லை என்று காட்டினார். தசை எவ்வளவு வேலை செய்கிறதோ, அதற்கேற்ப அந்த நேரத்திலேயே கூடுதல் ஆற்றலை எரிக்கிறது. ஆக, தசை ஸ்பிரிங் அல்ல, தேவையைப் பார்த்து எரிபொருளைச் செலவிடுகிற ஓர் எந்திரம். அந்த எந்திரத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியவர இன்னும் முப்பது வருடம் ஆனது.

உள்ளே இருப்பது இரண்டு வகைப் புரத இழைகள், ஆக்டின், மயோசின். மயோசின் இழையிலிருந்து குட்டிக் குட்டித் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தலையும் பக்கத்து ஆக்டின் இழையைப் பிடிக்கும், ஓர் இழுப்பு இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஓர் இழுப்பின் நீளம் சுமார் 10 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை லட்சம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். இழைகள் ஒன்றன் மீது ஒன்று சறுக்குவதால்தான் தசை சுருங்குகிறது என்பதை 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன. அதில் ஒரு குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, 1957-இல் இந்தத் தலைகளின் நடத்தையை வைத்தே விசை–வேக வளைவை விளக்கிக் காட்டினார்.

அதை இப்படி யோசித்துப் பாருங்கள். இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து, இடத்தை விட்டு எழாமல், ஒரு நீளமான கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிறார்கள். கயிறு நகரவே இல்லை என்றால் ஏறக்குறைய எல்லோருடைய கையும் கயிற்றில் இறுகப் பிடித்தபடி இருக்கும், மொத்த பலமும் கயிற்றுக்குப் போகும். கயிறு மெதுவாக நகர்ந்தால் அவ்வப்போது சிலர் பிடியை விட்டு அடுத்த பிடிக்குக் கையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். கயிறு சரசரவென்று ஓட ஆரம்பித்தால், எந்த நொடியில் எண்ணினாலும் பாதிப் பேருக்கு மேல் கை காற்றில்தான் இருக்கும், போதாக்குறைக்குச் சிலர் சமயத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்து கயிற்றுக்குத் தடையாகவும் ஆகிவிடுவார்கள். தசைக்குள்ளே நடப்பது இதுவேதான். வேகமாகச் சறுக்கும்போது ஆக்டினைப் பிடிக்க மயோசின் தலைகளுக்கு நேரம் போதுவதில்லை, ஒரே சமயத்தில் பிடித்திருக்கிற தலைகளின் எண்ணிக்கை குறைகிறது, அதனால் மொத்த விசையும் குறைகிறது. எக்ஸ் கதிர்களை வைத்து 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாக உறுதிப்படுத்தியது. சுமை மாறும்போது பெரிதாக மாறுவது பிடித்திருக்கிற தலைகளின் எண்ணிக்கை, ஒரு தனித் தலை இழுக்கிற விசை அவ்வளவாக மாறுவதில்லை.

இதே குணத்தைப் பெரிய மேடையில் பார்க்க வேண்டுமானால் பளுதூக்கும் போட்டியைப் பாருங்கள். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது ஸ்னாட்ச்சில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ தூக்கினார். 2021-இல் டோக்கியோவில் வெள்ளி வென்ற மீராபாய் சானுவுக்கு ஸ்னாட்ச் 87, கிளீன் அண்ட் ஜெர்க் 115. ஒரே ஆள், அதே கால்கள், அதே முதுகு, ஆனால் முப்பது கிலோ அளவுக்கு வித்தியாசம். ஸ்னாட்ச்சில் பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும், வழியில் நிறுத்த இடமே கிடையாது. அவ்வளவு உயரம் போக வேண்டுமானால் பார் வேகமாகக் கிளம்பியாக வேண்டும், அந்த வேகத்தில் தசையால் கொடுக்க முடிகிற விசை குறைவு, ஆகவே எடையும் குறைந்துதான் ஆக வேண்டும். கிளீனில் தோள் வரை வந்தால் போதும் என்பதால் வேகம் கொஞ்சம் குறையலாம், எடை கூடலாம். அகலமான பிடி, தலைக்கு மேலே சமநிலை எனப் பிற காரணங்களும் உண்டுதான், ஆனால் வேகம் அதில் பெரிய பங்கு. அதே ஆட்களை டெட்லிஃப்ட் போடச் சொன்னால், பாரை இடுப்பு வரை மெதுவாகக் கொண்டுவந்தால் போதும் என்பதால், இதைவிட எவ்வளவோ அதிகம் தூக்குவார்கள்.

அப்புறம் திறன். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். மேலே சொன்ன எண்களையே பெருக்கிப் பாருங்கள்: 10% வேகத்தில் 640, 20%-இல் 880, 30%-இல் 960, பாதி வேகத்தில் 850, 80% வேகத்துக்குப் போனால் 400 பக்கம் விழுந்துவிடும். இரண்டு ஓரத்திலும் பூஜ்ஜியம், உச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதைக் காலே சொல்லிக்கொடுத்துவிடும். கனமான கியரைப் போட்டால் பெடல் அசைய மறுக்கும், மிக லேசான கியரில் கால் சும்மா சுற்றுமே தவிர அழுத்தம் ஏறாது, நடுவில் ஒரு கியரில்தான் வண்டி பறக்கும். ஆனால் இந்த மூன்றில் ஒரு பங்கை அப்படியே ஜிம்முக்குக் கொண்டுபோய், உங்கள் உச்ச எடையில் 30% வைத்தால்தான் திறன் வரும் என்று முடிவு கட்டாதீர்கள். குதிக்கும்போது உங்கள் உடம்பே ஒரு சுமை, கூடுதல் எடை இல்லாமலேயே உச்சத் திறன் வந்துவிடுகிறது. பாரைத் தரையிலிருந்து வேகமாகத் தோளுக்குக் கொண்டுவருகிற பவர் கிளீன் மாதிரி அசைவுகளிலோ உச்ச எடையில் 70–80% வைக்கும்போதுதான் அது வருகிறது. தனித் தசையின் எண் வேறு, முழு உடம்பின் எண் வேறு.

இப்போது முன்பு சொன்ன குழப்பத்துக்கு வருவோம். "மெதுவாகச் சுருங்கினால் விசை அதிகம், அதனால் எடையை மெதுவாகத் தூக்கு, அப்போதுதான் தசை நன்றாக வேலை செய்யும்" என்று சொல்கிற பயிற்சியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இது தவறு. 10 கிலோ டம்பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடையைத் தாங்க 98 நியூட்டன் விசை வேண்டும். சீராக, மெதுவாகத் தூக்கினால் உங்கள் கை அதற்குக் கொடுப்பது அந்த 98 நியூட்டன்தான், வேண்டுமென்றே மெதுவாகப் போவதால் அது 150 ஆகிவிடாது. சொல்லப்போனால் வெடுக்கென்று தூக்கினால்தான் தொடக்கத்தில் விசை கூடும். நொடிக்கு நொடி 2 மீட்டர் வேகம் ஏறுகிற மாதிரிக் கிளப்பினால் சுமார் 118 நியூட்டன் வேண்டும், பிறகு டம்பெல் வேகம் குறைந்து நிற்கிற கட்டத்தில் 98-க்கும் குறைவாகப் போதும். விசை–வேக வளைவு இதற்கு எதிராக எதையும் சொல்லவில்லை. அந்த வேகத்தில் உங்களால் முடிந்த உச்சம் எது என்றுதான் சொல்கிறது, நீங்கள் அந்த உச்சத்தைத் தொடுகிறீர்களா என்பது எடையையும் உங்கள் முயற்சியையும் பொறுத்தது. 10 கிலோவை ஆமை வேகத்தில் தூக்கும்போது, அந்த வேகத்தில் உங்களுக்கு இருக்கிற கொள்ளளவில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது.

ஒரே மூச்சில் பல தடவை தூக்குகிற ஒரு செட்டின் கடைசி ரெப்களில் (ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) வேகம் குறைவது வேறு கதை. அங்கே நீங்கள் மெதுவாகப் போகவில்லை, வேகமாகப் போகத்தான் முயல்கிறீர்கள், களைத்துப்போன தசையால் முடியவில்லை. களைப்பு மொத்த வளைவையே கீழே இறக்கிவிடுகிறது, அதனால் முதல் ரெப்பில் லேசாகத் தெரிந்த எடை பத்தாவது ரெப்பில் உங்கள் உச்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நரம்பு மண்டலமும் மிச்சமிருக்கிற தசை நார்களையெல்லாம் வேலைக்கு அழைத்துவிடுகிறது. தசை வளர அந்த ரெப்கள் உதவுவது இதனால்தான். லேசான எடையை வேண்டுமென்றே மெதுவாகத் தூக்குவதை அதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

எடையை இறக்குவது பற்றிச் சொல்லாவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். டம்பெல்லைக் கீழே இறக்கும்போது பைசெப்ஸ் நீள்கிறது, ஆனால் ஓய்வில் இல்லை, இழுத்துப் பிடித்தபடியே நீள்கிறது. அப்போது வளைவு தலைகீழாகிவிடும். நகராமல் நிற்கும்போது கிடைத்த 100 குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது, தனியாக எடுத்து ஆராயும் தசையில் 150-ஐயும் தாண்டுகிறது. மனிதர்கள் தாங்களாக முயலும்போது நரம்பு மண்டலம் கொஞ்சம் கடிவாளம் போடுவதால் அவ்வளவு வருவதில்லை, ஆனாலும் தூக்க முடியாத எடையைக் கட்டுப்பாட்டோடு இறக்க முடிகிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிடித்திருக்கிற தலைகளை வெளியே இருந்து வருகிற சுமை வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டுகிறது, அதனால் விசை கூடுகிறது. பல தலைகள் ஏடிபியைச் செலவழிக்காமலேயே பிய்த்துக்கொண்டு வருவதால் எரிபொருள் செலவும் குறைவு. டைட்டின் என்ற இன்னொரு பெரிய புரதத்துக்கும் இதில் பங்கு உண்டு.

1952-இல் லண்டனில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இதை மனிதர்களிடம் காட்டிய விதம் அருமை. இரண்டு சைக்கிள்களைப் பின்பக்கத்தோடு பின்பக்கமாக வைத்துச் செயினால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார், மற்றவர் பின்னோக்கிச் சுழல்கிற பெடலைத் தடுத்து நிறுத்தப் பார்ப்பார். இரண்டு பேர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிதித்தவரைவிட மிகவும் குறைவு. மலைக்கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது வாங்குவதில்லை அல்லவா, அது இதனால்தான். மறுநாள் தொடை வலிக்கு மட்டும் ஏறியதை விட இறங்கியதுதான் பெரிய காரணம். குறைந்த எண்ணிக்கை நார்கள் அதிக விசையைத் தாங்கியபடி நீள்வதால் அவற்றில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, சில நாட்களில் சரியாகிவிடும், அடுத்த தடவை அந்த அளவுக்கு வலிக்காது.

இதையெல்லாம் பயிற்சியில் எப்படிப் பயன்படுத்துவது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, தூக்கும்போது வேகமாகத் தூக்குகிற எண்ணத்தோடு தூக்குங்கள், இறக்கும்போது இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டு இறக்குங்கள். எடை கனமாக இருந்தால் பார் எப்படியும் மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. அசைய முடியாதபடி பிடித்துவைத்த கணுக்காலை வேகமாக அசைக்க முயன்றவர்களுக்கும் வேகமான அசைவில் பலம் கூடியது என்று 1993-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது, எண்ணத்துக்கு அவ்வளவு மதிப்பு. வேகம் என்றால் முதுகை வளைத்து ஆட்டி வீசுவது இல்லை, அசைவு சுத்தமாக இருக்க வேண்டும். கனமான எடை மட்டுமே தூக்கிக்கொண்டிருந்தால் வளைவின் விசைப் பக்கம்தான் நன்றாக உயரும். ஓடுகிறவர்களும் கபடி, வாலிபால் ஆடுகிறவர்களும் குதிப்பது, பந்து வீசுவது, குறுகிய தூரம் பாய்ந்து ஓடுவது என வேகப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த வேகத்தில் பழகுகிறோமோ அந்த வேகத்தில்தான் முன்னேற்றம் அதிகம் தெரியும்.

இதில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது வீட்டில் இருக்கிற பெரியவர்களைப் பற்றி. வயதாக ஆக வேகமான தசை நார்கள்தான் அதிகமாக நலிகின்றன, அதனால் வெறும் பலத்தைவிடத் திறன் சீக்கிரமாகக் குறைகிறது. கால் தடுக்கும்போது அடுத்த அடியைச் சட்டென்று எடுத்து வைக்க முடிகிறதா என்பதுதான் விழுவதையும் விழாமல் தப்பிப்பதையும் தீர்மானிக்கிறது, அது விசையும் வேகமும் சேர்ந்த விஷயம். "மெதுவா, மெதுவா" என்றே அவர்களிடம் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூட்டு வலியோ இதய நோயோ இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் அப்பாவையோ அத்தையையோ உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். எழும்போது முடிந்த அளவு வேகமாக எழுந்து, உட்காரும்போது மூன்று எண்ணுகிற வரை மெதுவாக இறங்கி உட்காரச் சொல்லுங்கள். ஐந்தாறு தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்தாறு தடவை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.